‘வேதம் போதும்’ என்றால் எதற்குப் போதும்?

எங்கள் அத்தைக்குச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. மாயவரத்துக்குக் கிழக்கே, பொறையாறு போகிற வழியில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறார். மாத்திரைகளை எல்லாம் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு, வேதாகமத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார். காலையில் ஒரு சங்கீதம், அப்புறம் மாத்திரை, அப்புறம்தான் இட்லி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தவர், அந்த டப்பாவைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டார். “வேதமே போதுமானது, மாத்திரையை நம்புகிறவன் தேவனை நம்பவில்லை” என்று அங்கே பிரசங்கம் செய்தவர் சொன்னாராம். எங்களில் யாருக்கும் அவர் இதைச் சொல்லவில்லை. நாலு மாதம் போயிற்று. கொல்லையில் நடந்தபோது காலில் கருவேல முள் ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை. சர்க்கரை கட்டுக்கடங்காமல் போனால் காலில் உணர்ச்சி குறைந்துவிடும். புண் உள்ளுக்குள்ளேயே புரையோடி, இடது காலில் இரண்டாம் விரலை எடுக்கும்படி ஆகிவிட்டது.

கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு அத்தை என்னிடம் கேட்டார்: “அப்ப வேதம் போதாதா தம்பி?”

அன்றைக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. “போதும் அத்தை, ஆனா...” என்று இழுத்தேன். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தக் கதையைக் கேட்ட என் நண்பர் ஒருவர், “அதுக்குத்தான் சொல்றது, வேதம் ஞாயிற்றுக்கிழமைக்கு, மத்த ஆறு நாளைக்கு விஞ்ஞானம்” என்றார். பிரசங்கம் செய்தவரும் நண்பரும் எதிரெதிர்க் கரையில் நிற்பதுபோலத் தெரியும். ஆனால் இரண்டு பேரும் ‘போதும்’ என்ற சொல்லை ஒரே மாதிரிதான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் வேதம் என்றால் நான்கு வேதங்களும் நினைவுக்கு வரும். தமிழ்க் கிறிஸ்தவர்கள் அந்தச் சொல்லைத் தங்கள் வேதாகமத்துக்கும் சொல்வார்கள். இந்தக் கட்டுரையில் அந்தப் பொருளில்தான் வருகிறது.

மேட்டூரில் தண்ணீர் போதுமா?

காவிரி டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 120 அடி. அணை திறக்கிற நாளான ஜூன் 12 நெருங்கும்போது டீக்கடையில் உட்கார்ந்தால் ஒரே கேள்விதான்: “தண்ணி போதுமா?” வெளியூர்க்காரர் ஒரு எண்ணைப் பதிலாக எதிர்பார்ப்பார். நம் ஊர் விவசாயி திருப்பிக் கேட்பார்: “எதுக்கு? குறுவைக்கா, சம்பாவுக்கா?” ஒரே அளவு தண்ணீர், ஒன்றுக்குப் போதும், இன்னொன்றுக்குப் போதாது. குடிதண்ணீருக்கு மட்டும் என்றால் தாராளம்.

‘போதும்’ என்ற சொல்லுக்கு முன்னால் வெளியே தெரிந்தோ தெரியாமலோ ஒரு ‘க்கு’ இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போதும், செலவுக்குப் போதும், பயிருக்குப் போதும். அந்த ‘க்கு’வை எடுத்துவிட்டால் வாக்கியத்துக்குப் பொருளே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பயிருக்குத் தண்ணீர் போதும் என்று ஒரு விவசாயி சொன்னால், விதை வேண்டாம், எரு வேண்டாம், நடவாள் வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. தண்ணீர் செய்ய வேண்டிய வேலைக்குத் தண்ணீர் குறைவில்லை, அவ்வளவுதான். அதற்காக, “விதை வாங்கினவன் தண்ணீரை நம்பவில்லை” என்று யாராவது சொன்னால் நாம் சிரித்துவிடுவோம். அத்தையிடம் சொல்லப்பட்டது கிட்டத்தட்ட அதுதான். ஆனால் பக்திமொழியில் வந்ததால் யாரும் சிரிக்கவில்லை.

இதுவரை: ‘போதும்’ என்பது ஒரு நோக்கத்தை வைத்துத்தான் பொருள் தரும். வேதம் போதும் என்றால், எதற்கு என்று கேட்டாக வேண்டும்.

அந்த ‘எதற்கு’வை வேதமே சொல்கிறது

‘வேதத்தின் போதுமான தன்மை’ என்று இறையியலில் ஒரு கொள்கை உண்டு. இறையியல் என்றால் கடவுளைப் பற்றியும் அவர் வெளிப்படுத்தியதைப் பற்றியும் முறையாகப் படிக்கிற துறை. கொள்கையை எளிதாகச் சொன்னால் இப்படி: கடவுளை அறிந்துகொள்ளவும், அவரால் மீட்கப்படவும், அவருக்குப் பிரியமாக வாழவும் மனிதனுக்குத் தெரிந்தாக வேண்டியது எல்லாம் வேதத்தில் இருக்கிறது, அதற்குமேல் புதிதாக ஒரு வெளிப்பாடு வந்து சேர வேண்டிய தேவை இல்லை.

இதற்கு அடிப்படையாகப் பெரும்பாலும் காட்டப்படுவது அப்போஸ்தலர் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபம் (கடிதம்), 3:16, 17. வேதவாக்கியங்கள் உபதேசத்துக்கும், கடிந்துகொள்ளுதலுக்கும், சீர்திருத்தலுக்கும், நீதியைப் படிப்பிக்குதலுக்கும் பிரயோஜனமுள்ளவை என்று அங்கே இருக்கிறது. எத்தனை ‘க்கு’ பாருங்கள்! ‘எந்த நற்கிரியையுஞ்செய்யத் தகுதியுள்ளவனாகவும்’ மனிதன் ஆகும்படியாக என்று நோக்கமும் அங்கேயே இருக்கிறது. பேதுருவின் இரண்டாம் நிருபமும் (1:3) ‘ஜீவனுக்கும் தேவபக்திக்கும் வேண்டிய யாவற்றையும்’ என்றுதான் சொல்கிறது. இங்கேயும் எதற்கு என்பது எழுதியிருக்கிறது. சர்க்கரையின் அளவை எப்படிக் குறைப்பது என்று சொல்வதாக வேதம் எந்த இடத்திலும் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்காத வாக்கை அதன் பெயரில் கொடுத்துவிட்டு, அது நிறைவேறாதபோது பழியை அதன்மேலோ நோயாளியின் விசுவாசத்தின்மேலோ போடுவது பெரிய அநியாயம்.

ஒரு சண்டையில் பிறந்த கொள்கை

இந்தக் கொள்கை கூர்மையானது 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில். அப்போது சண்டை மருத்துவத்தைப் பற்றியது இல்லை. சபையில் கடைசி வார்த்தை யாருடையது என்பதுதான் கேள்வி. 1521-இல் வோர்ம்ஸ் நகரத்தில் பேரரசர் முன்னால் நிறுத்தப்பட்டவர், புராட்டஸ்டண்ட் சபைகளுக்கு வழிவகுத்த மார்ட்டின் லூத்தர்; வேதவாக்கியத்தாலோ தெளிவான நியாயத்தாலோ தன் தவறு காட்டப்பட்டாலொழியப் பின்வாங்க முடியாது என்றார். பாப்பரசரும் சபைச் சங்கங்களும்கூடத் தவறியிருக்கிறார்கள் என்பது அவர் வாதம். கத்தோலிக்க சபை 1546-இல் திரிதெந்தீன் சங்கத்தில், வேதத்தோடு அப்போஸ்தலர் காலத்திலிருந்து வருகிற மரபையும் சேர்த்தே ஏற்க வேண்டும் என்று உறுதிசெய்தது. இன்றைக்கும் வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் போகிற கத்தோலிக்கர்களின் சபைப் போதனை இதுதான். இந்த வித்தியாசம் உண்மையானது. அதை இங்கே தீர்க்கப்போவதில்லை. மருந்து மாத்திரை என்று வரும்போது இரண்டு தரப்புக்கும் சண்டையே கிடையாது என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

1646-இல் இங்கிலாந்தில் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை இந்தக் கொள்கையை மிகக் கவனமாக வரையறுத்தது. கடவுளின் மகிமை, மனிதனின் மீட்பு, விசுவாசம், வாழ்க்கை ஆகியவற்றுக்குத் தேவையானது எல்லாம் வேதத்தில் வெளிப்படையாகவோ, அதிலிருந்து சரியாக அனுமானிக்கும்படியாகவோ இருக்கிறது என்றது. அதே பத்தியிலேயே, ஆராதனை, சபை நிர்வாகம் சம்பந்தப்பட்ட சில விஷயங்கள் எல்லா மனிதச் சமூகங்களுக்கும் பொதுவானவை, அவற்றை இயல்பறிவாலும் விவேகத்தாலும் ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும் என்றும் எழுதிவைத்தது. ஆராதனை ஆறரைக்கா எட்டுக்கா என்று தீர்மானிக்கக்கூட மூளையைப் பயன்படுத்து என்று சொல்கிற கொள்கை, காலில் இருக்கிற புண்ணுக்கு மூளையைப் பயன்படுத்தாதே என்று சொல்லுமா?

தரங்கம்பாடிக்கு வந்த அச்சகம்

இந்தக் கொள்கை நம் ஊருக்குக் கப்பலேறி வந்தது. 1706 ஜூலை 9-இல் சீகன்பால்கு என்ற ஜெர்மன் மிஷனரி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். இளம் வயதுதான். கடற்கரையில் டேனிஷ் கோட்டை, கொஞ்சம் தள்ளித் தமிழ்க் குடியிருப்பு. வந்தவர் முதலில் தமிழ் படித்தார். பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதி எழுத்துப் படித்தார் என்று சொல்வார்கள். 1711-இல் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பை முடித்தார். 1714, 1715-இல் அது தரங்கம்பாடியிலேயே அச்சானது.

ஏன் இவ்வளவு அவசரம்? வேதம் போதும் என்று நீங்கள் உண்மையாகவே நம்பினால், அது மக்கள் கையில், மக்கள் மொழியில் இருந்தே ஆக வேண்டும். பூட்டிவைத்த களஞ்சியத்தில் இருக்கிற நெல் யாருக்கும் போதாது. அதனால் மொழிபெயர்ப்பு வந்தது, அச்சகம் வந்தது, எழுத்துப் படிக்கப் பள்ளிக்கூடம் வந்தது. ‘தெளிவு’ என்பது இந்தக் கொள்கையின் கூடப்பிறந்த கொள்கை: மீட்புக்குத் தேவையானது சாதாரண வாசகனுக்கும் புரியும்படி வேதத்தில் சொல்லப்பட்டிருக்கிறது என்பது அதன் பொருள்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி. சீகன்பால்குவோடு வேலை செய்த க்ருண்ட்லர் என்ற மிஷனரி, 1711-இல் தமிழ் மருத்துவத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு கைப்பிரதி எழுதினார். நம் வைத்தியர்களுக்கு என்ன தெரியும், நோய்களை எப்படி வகைப்படுத்துகிறார்கள், எதற்கு என்ன மருந்து என்று திரட்டினார். ஒரே ஊர், ஒரே வருஷம். ஒருவர் மேஜையில் புதிய ஏற்பாடு, இன்னொருவர் மேஜையில் வைத்தியக் குறிப்பு. வேதம் மட்டுமே என்ற கொள்கையை உயிராக நினைத்தவர்கள் அவர்கள். ஆனாலும் வைத்தியரிடம் போய்க் கேட்பதை அவிசுவாசமாக அவர்கள் நினைக்கவில்லை.

கொத்தனார் கையில் இருக்கிற தூக்குக்குண்டு

சரி, போதும் என்கிற வேதம் வாழ்க்கையில் எப்படி வேலை செய்கிறது?

வீடு கட்டும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். செங்கல் ஒரு பக்கம், மணல் ஒரு பக்கம், கலவை ஒரு பக்கம். கொத்தனார் நாலு வரிசை வைத்ததும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். குண்டு செங்கல் தராது, கலவை தராது. சுவர் நேராக இருக்கிறதா, சாய்கிறதா என்று மட்டும் காட்டும். ஆனால் அந்த ஒரு விஷயத்தில் அதற்குமேல் வேறு ஒன்று வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தோ, மேஸ்திரியின் அனுபவத்தை வைத்தோ குண்டைத் திருத்த மாட்டார்கள். குண்டை வைத்துத்தான் சுவரைத் திருத்துவார்கள். ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் (7:7) ஆண்டவர் கையில் தூக்குநூல் பிடித்து மதில்மேல் நிற்பதாக ஒரு காட்சி வருவது எனக்கு இதனால்தான் பிடிக்கும்.

வேதம் போதும் என்பதன் முக்கியமான பொருள் இதுதான். எது சரி, எது தப்பு, எது எதற்காக என்பதில் கடைசி அளவுகோல் அது. தகவல்கள் எல்லாவற்றுக்கும் கிடங்கு என்று அது தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை. மருத்துவர் சொல்வதும், வங்கி மேலாளர் சொல்வதும், வேளாண் அதிகாரி சொல்வதும் செங்கல்கள். வாங்க வேண்டியதுதான். வாங்கி வைக்கும்போது குண்டைத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும்.

இதுவரை: வேதம் ஒரு நோக்கத்துக்குப் போதுமானது, அந்த நோக்கத்தில் அதற்கு மேலான அளவுகோல் இல்லை, மற்ற அறிவை அது விரட்டுவதில்லை, அளந்து பார்க்கிறது.

உளுந்து தெளிக்கக் கற்றுக்கொடுத்தவர் யார்?

மற்ற அறிவு எங்கிருந்து வருகிறது? அதற்கு இறையியலில் ‘பொது வெளிப்பாடு’ என்று பெயர். கடவுள் உண்டாக்கின உலகத்தைப் பார்த்து எல்லா மனிதருக்கும், எந்த மதத்தாருக்கும், கிடைக்கிற அறிவு. 19-ஆம் சங்கீதம் இரண்டு பாதியாக இருக்கும். முதல் பாதி ‘வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது’ என்று ஆகாயத்தைப் பார்க்கிறது. பிந்தின பாதி ‘கர்த்தருடைய வேதம் குறைவற்றதும், ஆத்துமாவை உயிர்ப்பிக்கிறதுமாயிருக்கிறது’ என்று புத்தகத்தைப் பார்க்கிறது. ‘குறைவற்றது’ என்ற சொல்லும் அதன் வேலையும் ஒரே வரியில் இருக்கின்றன.

ஆனால் டெல்டாவில் இதை விளக்க ஏசாயா 28-ஆம் அதிகாரத்தைவிட நல்ல இடம் இல்லை. உழுகிறவன் நாள் முழுதும் உழுதுகொண்டே இருப்பானா என்று கேட்கிறார் தீர்க்கதரிசி. நிலத்தை நிரவினபின் அததற்கேற்ற இடத்தில் உளுந்தைத் தெளித்து, சீரகத்தைத் தூவுகிறானே! உளுந்தைப் போரடிக்கிற விதம் வேறு, தானியத்தைப் போரடிக்கிற விதம் வேறு என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறதே! இது அவனுக்கு எப்படித் தெரிந்தது? ‘அவனுடைய தேவன் அவனை நன்றாய்ப் போதித்து, அவனை உணர்த்துகிறார்.’

எபிரெய மூலத்தில் அது கருஞ்சீரகம். தமிழில் மொழிபெயர்த்தவர்கள் உளுந்து என்று போட்டார்கள். சரியோ தப்போ, டெல்டாவில் அந்த வசனத்தைப் படிக்கும்போது சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்னால், ஈரம் காயாத வயலில், நிற்கிற நெல்லுக்கு நடுவே உளுந்தைத் தெளிக்கிற கை கண்முன் வருகிறது. எந்த ஈரத்தில் தெளிப்பது என்று எந்த வசனத்திலும் இல்லை. காலை மண்ணில் வைத்துப் பார்த்தால் தெரியும். அந்தக் கால் அறிவும் கடவுள் கொடுத்ததுதான் என்று வேதமே சொல்கிறது. அப்படியென்றால் சர்க்கரை அளவைப் பார்க்கத் தெரிந்த பரிசோதனைக்கூடத்து அறிவை எந்தக் கணக்கில் வைப்பது? அதே கணக்கில்தான்.

உடம்பு: வாக்குத்தத்தமும் அத்திப்பழமும்

எசேக்கியா ராஜா மரணப்படுக்கையில் இருந்தபோது, உன் நாட்களோடு பதினைந்து வருஷம் கூட்டுவேன் என்று கடவுளே நேரடியாக வாக்குக் கொடுத்தார். அதைச் சொல்லிவிட்டு ஏசாயா செய்தது என்ன? அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் பற்றுப்போட வைத்தார். வாக்குத்தத்தம் கையில் இருக்கும்போதே மருந்து! தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொன்னவர், வேதவாக்கியம் பிரயோஜனமுள்ளது என்று அதே தீமோத்தேயுவுக்கு எழுதின பவுல்தான். அவரோடு இருந்த லூக்கா வைத்தியர். ‘பிணியாளிகளுக்கு வைத்தியன் வேண்டியதேயல்லாமல்’ என்று இயேசுவே ஒப்புமை சொல்லியிருக்கிறார்.

1527-இல் லூத்தர் இருந்த விட்டன்பர்க் நகரத்தில் கொள்ளைநோய் வந்தது. அப்போது அவர் எழுதின நீண்ட கடிதம் கொரோனா காலத்தில் உலகம் முழுக்கத் திரும்ப வாசிக்கப்பட்டது. கடவுளிடம் காப்பாற்றக் கேட்பேன். அப்புறம் வீட்டுக்குப் புகை போடுவேன், மருந்து கொடுப்பேன், நானும் சாப்பிடுவேன், தேவையில்லாத இடத்துக்குப் போகமாட்டேன் என்பது அதன் சாரம். மருந்தை ஒதுக்குவது கடவுளைச் சோதிப்பதாகும் என்றும் எழுதினார்.

அந்த ‘சோதிப்பது’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். தேவாலயத்தின் உப்பரிகையில் நின்றபோது, கீழே குதியும், தூதர்கள் தாங்குவார்கள் என்று எழுதியிருக்கிறதே என்று 91-ஆம் சங்கீதத்தை இயேசுவுக்கு எடுத்துக்காட்டியது பிசாசு. வசனம் சரியான வசனம்தான். அதற்கு இயேசு சொன்ன பதில்: ‘உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக.’ டப்பாவைப் பரண்மேல் வைக்கச் சொன்னவர் இந்தப் பக்கத்தை எத்தனை தடவை வாசித்திருப்பாரோ!

மனசு: சூரைச்செடியின் கீழே

உடம்பு விஷயத்தில் ஒத்துக்கொள்கிறவர்கள்கூட மனசு என்றதும் தயங்குகிறார்கள். “மனக்கஷ்டத்துக்கு எதுக்கு டாக்டர்? முழங்கால் போடு” என்பார்கள். எலியா தீர்க்கதரிசியின் கதையை அவர்களோடு உட்கார்ந்து படிக்க எனக்கு ஆசை.

பாகால் என்ற தெய்வத்தின் தீர்க்கதரிசிகளோடு மோதி ஜெயித்த கொஞ்ச நாளிலேயே, எலியா வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, ‘போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்’ என்கிறார். சாவைக் கேட்கிறார். கடவுள் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. விசுவாசம் இல்லையா என்று கடியவில்லை. முதலில் தூக்கம். அப்புறம் ஒரு தூதன் வந்து தட்டி, ‘எழுந்திருந்து போஜனம்பண்ணு’ என்கிறான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். மறுபடி தூக்கம். மறுபடி சாப்பாடு. நாற்பது நாள் நடந்த பிறகுதான் பேச்சு. உடம்பு களைத்தால் மனசும் இருண்டுபோகும் என்று தெரிந்த ஒருவர் கவனிக்கிற மாதிரி இருக்கிறது அந்த அதிகாரம்.

1970-இல் அமெரிக்காவில் ஜே ஆடம்ஸ் என்ற போதகர், சபை தன் மக்களின் மனப் பிரச்சினைகளை எல்லாம் உளவியலாரிடம் தள்ளிவிடுவதாகக் கண்டித்து, வேதத்தை வைத்தே புத்திசொல்லும் முறை ஒன்றை முன்வைத்தார். அதன்மேல் இன்றுவரை விவாதம் நடக்கிறது. என் கருத்தைச் சொல்கிறேன். கசப்பு, குற்றவுணர்வு, மன்னிக்க முடியாமை, பொறாமை இவற்றுக்குச் சபை கைகழுவக் கூடாது என்பதில் அவர் சரி. உடல்கோளாறால் வருவதை மருத்துவரிடம் விட வேண்டும் என்று அவரும் ஒத்துக்கொண்டார். ஆனால் எது எது என்று பிரிக்கிற வேலை போதகருடையது இல்லை. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போகலாம் என்று ஒருவர் சொன்னால், கூடவே போய் மருத்துவரிடம் உட்கார வையுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். அழைத்துக்கொண்டு போகும் வழியில் ஜெபிக்கலாம்.

அப்படியானால் நல்வாழ்வுக்கு வேதம் தருவது என்ன?

இப்போது நண்பருக்குப் பதில். மருந்தும் விஞ்ஞானமும் இவ்வளவு செய்யும் என்றால் வேதத்துக்கு மிச்சம் என்ன? நிறைய.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் கடல் உள்ளே வந்த காலை. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலத்தட்டு நகர்ந்தது என்று விஞ்ஞானம் விளக்கியது. 2007-இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையமும் வந்தது. இது வேதத்தில் இல்லை, இருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், இது பாவத்துக்குத் தண்டனை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு எதிரே லூக்கா 13 இருக்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப்பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, ‘அப்படியல்ல’ என்கிறார் இயேசு. ‘அழுகிறவர்களுடனே அழுங்கள்’ என்று ரோமர் 12 சொல்கிறது. செத்துப்போனவர்களைப் பற்றி நம்பிக்கையோடு பேச வேதத்தில் இடம் இருக்கிறது. நிலத்தட்டு விளக்கம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அதைக் கொடுக்க முடியாது.

இன்னொன்று சொல்லக் கஷ்டமானது. 1960-களில் தஞ்சைப் பகுதிக்குப் புது நெல் ரகங்கள் வந்தன, ஏ.டி.டி. 27 பரவியது, உரம் வந்தது, மகசூல் கூடியது. விளைவிக்கிற அறிவு நிறைய இருந்தது. கூலி உயர்வு கேட்ட தொழிலாளர்களின் சேரியில், கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கிறிஸ்துமஸ் இரவு. ‘உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது’ என்று யாக்கோபு எழுதி 1900 வருஷம் ஆகியிருந்தது. ஒரு ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதை வேளாண்மை சொல்லும். அறுத்தவனுக்கு எவ்வளவு என்பதில் சுவர் சாய்கிறது என்று காட்டத் தூக்குக்குண்டு வேண்டும். மனிதன் யார், அவன் உயிருக்கு என்ன மதிப்பு, செய்த குற்றத்துக்கு மன்னிப்பு உண்டா, சாவுக்கு அப்பால் என்ன? நல்வாழ்வு என்று நாம் சொல்வதில் பாதி இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

இதுவரை: நோய்க்கு மருந்து, புயலுக்கு எச்சரிக்கை, வயலுக்கு வித்தை ஆகியவை பொது வெளிப்பாட்டிலிருந்து வருகின்றன. அவற்றை எதற்காக, யாருக்காக, எந்த நியாயத்தோடு பயன்படுத்துவது என்பதற்கு வேதம்.

கடைமடைக்கு ஏன் வரவில்லை?

“போதும் என்றால் வேதம் படிக்கிறவர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள்?” நியாயமான கேள்வி. மேட்டூரில் தண்ணீர் இருந்தும் தலைஞாயிறு பக்கம் கடைமடைக்கு வராத வருஷங்கள் உண்டு. அணையில் குறை இல்லை. வாய்க்கால் தூர்வாரவில்லை, அல்லது நடுவில் யாரோ மதகை இறக்கிவிட்டார்கள்.

நம் சபை வரலாற்றிலேயே இப்படி ஒரு மதகு உண்டு. தஞ்சாவூர்ச் சபைகளில் சாதி பார்த்துத்தான் உட்கார்ந்தார்கள், சாதி பார்த்துத்தான் திருவிருந்து எடுத்தார்கள். 1833-இல் பிஷப் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டை உடனே, முழுதாக விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு போட்டபோது, பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். அவர்கள் கையில் தமிழ் வேதாகமம் நூறு வருஷத்துக்கு மேலாக இருந்தது. ‘யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை’ என்ற வசனமும் அதில் இருந்தது. அந்த இடத்துக்கு மட்டும் தண்ணீர் போகாமல் அடைத்துவைத்திருந்தார்கள்.

வாசிக்கிற விதத்திலும் தூர் சேர்கிறது. கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை இன்றைய கட்டளையாக எடுத்துக்கொள்வது நம்மில் பலருக்குப் பழக்கம். புதுவருஷ இரவில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டை ஆறுதலுக்கு நல்லது. அதை வைத்து மாத்திரையை நிறுத்துவதும் நிலத்தை விற்பதும் ஆபத்து. யார், யாருக்கு, எப்போது, எதற்காகச் சொன்னது என்று முன்பின் வாசிக்காமல் ஒரு வரியைப் பிடுங்கினால் அது பிசாசு 91-ஆம் சங்கீதத்தைப் பிடுங்கினமாதிரிதான். எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போனபோது, வாசிக்கிறது புரிகிறதா என்று பிலிப்பு கேட்டார். ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்றார் அவர். பிலிப்பு ஏறி உட்கார்ந்து விளக்கினார். வேதம் போதும் என்பதால் ஆசிரியர் வேண்டாம் என்று ஆகவில்லை. விளக்கினவரும் புத்தகத்துக்குள்ளிருந்துதான் விளக்கினார்.

அத்தை இப்போது ஒரு செருப்பு வாங்கியிருக்கிறார், சர்க்கரைக்காரர்களுக்கென்று செய்த மெத்தென்ற செருப்பு. போன மாதம் நான் போயிருந்தபோது, பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். பிரசவத்துக்குப் பிறகு இரத்தக்கொதிப்பு இறங்கவில்லை, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், வேதம் இருக்கும்போது இதைச் சாப்பிடலாமா என்று அதே கேள்வியோடு. அத்தை பரணிலிருந்து எப்போதோ இறங்கிவிட்ட அந்த டப்பாவைத் திறந்து அவளிடம் காட்டினார். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ராஜாக்கள் புத்தகத்தில் அத்திப்பழ அடை எங்கே வருகிறது என்று தேட ஆரம்பித்தார். குழந்தை அழுதது. நான் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். உள்ளே இரண்டு பேரும் மெதுவாக, வரி வரியாக, வாசித்துக்கொண்டிருந்தார்கள்.